ஆகஸ்ட் ஒன்பது, அனைவருக்கும் விடுமுறை

மணியம்மாளின் டீக்கடைக்கு எதிரே இருந்த தூங்குமூஞ்சி மரத்தில் ஏணியைச் சாய்த்து, பேனரின் கடைசிக் கயிற்றை ஜோஷ்வா இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கீழே ஷாமியானா கடை அஸ்கர் அலி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேனரில் 'கும்மிடிப்பூண்டி டான்ஸ் மியூசிக் பெஸ்டிவல் 2008' என்று ஆளுயர எழுத்துகள். மூலையில் ஜோஷ்வாவின் போட்டோ. கம்பெனி அடையாள அட்டைக்காக எடுத்தது என்பதால், திருட்டு வழக்கில் தேடப்படுபவன்போல் இருந்தான்.

"லீவு நாளும் அதுவுமா மரத்துல ஏறிக்கினு கீறியே, ஊட்டுக்குப் போகலியா நைனா?" என்றாள் மணியம்மாள். அன்று செவ்வாய்க்கிழமை.

"ஊட்ல யாருக்கா கீறாங்க?"

மணியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனாள். பால் பொங்கவில்லை. திரும்பி வந்து பேனரை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஒம்போதாம் தேதியா பெஸ்டிவலு?"

"ஆமாக்கா. சனிக்கெழம."

"அன்னிக்கு கரண்ட்டு கெடையாதே."

ஏணி லேசாக ஆடியது. மணியம்மாள் போண்டா மடித்துக் கொடுக்க வைத்திருந்த பேப்பரை நீட்டினாள். அஸ்கர் அலி எண்ணெயைத் துடைத்துவிட்டு உரக்கப் படித்தார். "துணை மின்நிலையத்தில் டிரான்ஸ்பார்மர் மாற்றும் பணி காரணமாக, சிப்காட் தொழில் வளாகம் முழுவதும் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை..."

உதவிப் பொறியாளரின் பெயர் வரை படித்து முடித்துவிட்டு அவர் மேலே பார்த்தார். ஜோஷ்வா கீழே பார்த்தான். ஒரு லாரி, ஒரு ஷேர் ஆட்டோ, இரண்டு கம்பெனி பஸ்கள் கடந்து போயின.

"நீ எலக்ட்ரீஷியன்தானே?" என்று கேட்டார் அஸ்கர் அலி.

"ஆமா பாய்."

"இல்ல, சும்மா கேட்டேன்."

தவறு நடந்த விதம் எளிமையானது. ஜூன் மாதத் தொடக்கத்தில் ஜோஷ்வா வேலை செய்யும் இரும்பு உருட்டாலையின் நோட்டீஸ் போர்டில் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தார்கள். அதில் இரண்டு வரிகள். முதல் வரி: ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி சிப்காட்டில் உள்ள அனைத்து நிறுவனங்களுக்கும் விடுமுறை. ஏன் விடுமுறை என்பது இரண்டாவது வரியில் இருந்தது. ஜோஷ்வா முதல் வரியோடு ஓடிவிட்டான்.

அவன் ஓடியதற்குக் காரணம் உண்டு. மின்வெட்டைப் பங்குபோட்டுக் கொள்வதற்காக அந்தப் பகுதியில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு நாள் வார விடுமுறை. அவனுடைய ஆலைக்குச் செவ்வாய். அவன் மனைவி ஹெலன் வேலை பார்க்கும் மாத்திரை அட்டை அடைக்கும் கம்பெனிக்கு வெள்ளி. அவனுக்கு இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை. அவளுக்கு ஓ.டி.யோடு சேர்த்துக் காலை ஏழரையிலிருந்து மாலை ஏழு வரை. வெள்ளிக்கிழமை அவள் வீட்டில் இருக்கும்போது அவன் இரவு வேலை முடித்து வந்து கட்டையாகக் கிடப்பான். செவ்வாய் மாலை அவள் வரும்போது அவன் விழித்திருப்பான்; அவளுக்குத் தட்டு கழுவும்போதே கண் சொக்கும். ஒன்றரை வருடக் குடித்தனத்தில் ஒருவர் தூங்கும் முகத்தை மற்றவர் நன்றாக அறிந்திருந்தார்கள்.

பேச்சுவார்த்தை எல்லாம் சமையலறைத் தினசரி காலண்டரில்தான். 'குழம்பு கீழ்த்தட்டில்' என்று அவள் எழுதுவாள். 'சாப்பிட்டேன், நல்லாருந்தது' என்று அவன் எழுதுவான். தாள் கிழிக்கப்படும்போது அந்த உரையாடலும் போய்விடும். தினமும் மாலை ரயில்வே கேட்டருகே அவனுடைய ஆலை பஸ்ஸும் அவளுடைய கம்பெனி பஸ்ஸும் எதிரெதிரே கடக்கும். இருவரும் கையசைப்பார்கள். அவள் கையசைக்கும் விதத்தில் கொஞ்சம் நடனம் இருப்பதாக அவனுக்கு ஒரு நாள் தோன்றியது. அவ்வளவுதான் ஆரம்பம்.

இரண்டு பாக்ஸ் ஸ்பீக்கர், பத்துப் பதினைந்து ஜோடிகள், ஹெலன். இதுதான் அவன் கேட்டது. கேட்ட இடம்தான் சரியில்லை. பழவேற்காட்டில் மூன்று தலைமுறையாகக் கருவாடு விற்ற குடும்பத்தில் பிறந்த அஸ்கர் அலிக்கு எதையும் சில்லறையாகப் பார்க்கத் தெரியாது.

"பதினஞ்சு ஜோடிக்கு எதுக்கு நைனா ஸ்பீக்கரு? வாயாலயே பாடிடலாமே. சிப்காட்ல மொத்தம் எத்தினி கம்பெனி? எல்லாருக்கும் ஒரே நாள் லீவுன்னா எப்பேர்ப்பட்ட விசயம்."

அதன்பின் ஒவ்வொரு செவ்வாயும் ஜோஷ்வா ஆலைக் கேட்டிலிருந்து நேராக அஸ்கர் அலியின் கடைக்குப் போனான். ஷாமியானாத் துணிக்குவியலில் இரண்டு மணிநேரம் தூங்கினான். மீதி நேரம் பெஸ்டிவல் வளர்ந்தது. முதல் செவ்வாயில் திட்டத்துக்குள் மேடை வந்தது. மூன்றாவதில் சென்னையிலிருந்து டிஜே வந்தார். ஐந்தாவதில் பிரியாணி வந்தது. காவல் நிலையத்தில் அனுமதி கொடுத்தார்கள்; பகல் பத்து முதல் ஐந்து வரை மட்டும், இருட்டியபிறகு யாரும் ஆடக்கூடாது என்று.

வீட்டிலும் சில மாறுதல்கள் இருந்தன. செவ்வாய் இரவு பத்து மணிக்கு மேல் அவன் போனால் ஹெலன் தூங்கிக்கொண்டிருப்பாள். மூடிவைத்த இறால் தொக்கு சூடாக இருக்கும். புது ஹாட்பாக்ஸ் நல்ல ஹாட்பாக்ஸ் என்று நினைத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை பகலில் அவன் புரண்டு படுக்கும்போது அவள் வீட்டில் இருப்பதில்லை. உபவாச ஜெபத்துக்குப் போயிருப்பாள் என்று நினைத்தான். காலண்டரில் செவ்வாய்க்கிழமைகளை அவள் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தாள். கேஸ் புக் செய்வதற்காக இருக்கும் என்று விட்டுவிட்டான். மாலை பஸ்ஸில் இப்போதெல்லாம் அவன் தலை நிமிர்வதில்லை. மடியில் லிஸ்ட்.

"தேதிய மாத்திடலாம்," என்றார் அஸ்கர் அலி, டீயை ஆற்றியபடி.

"வேணாம் பாய்."

"ஞாயித்துக்கெழம?"

"அன்னிக்கு பாதி கம்பெனி ஓடும். எல்லாருக்கும் லீவு ஒம்போதாம் தேதிதான்."

"அன்னிக்கு ஏன் எல்லாருக்கும் லீவு?"

"கரண்ட்டு இல்லாததால."

"அதத்தான் நானும் சொல்றேன்."

ஹெலனைப் பற்றி ஜோஷ்வா சொல்லவில்லை. சொந்த மனைவியோடு ஆடுவதற்காக முப்பது கம்பெனியைக் கூட்டுகிறேன் என்பதை ஒரு டீக்கடையில் வைத்து எப்படிச் சொல்வது. அவன் டம்ளரின் அடியில் தேங்கிய டீத்தூளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில், "ஜெனரேட்டர் வெச்சிக்கலாம் பாய்," என்றான்.

ஜெனரேட்டர் உருட்டாலையின் பின்புறம் பழைய இரும்புக் குவியலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்குப் பொறுப்பு போர்மேன் தணிகாசலம். ஆலையில் எதற்கும் சம்மதிக்காதவர் என்று பெயர்.

"எடுத்துக்க. ஆனா வரவேற்புரை நான்தான்," என்றார்.

"டான்ஸுக்கு வரவேற்புரையாண்ணே?"

"டேய், இருபத்தாறு வருசமா ஒரு மைக்கு என் கையில எவனும் குடுக்கல."

அடுத்த செவ்வாய், பெஸ்டிவல் நடக்கவிருந்த மைதானத்தில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். ஜெனரேட்டர் உயிர் பெற்றதும் பக்கத்து வேப்பமரத்துக் காக்கைகள் ஆந்திர எல்லையை நோக்கிப் பறந்தன. 'டுக்கு டுக்கு டுக்கு' என்று தரை நடுங்கியது. ஜோஷ்வா கேசட்டைப் போட்டான்.

"பாட்ட போடு," என்று கத்தினார் அஸ்கர் அலி.

"போட்டுட்டேன் பாய்."

"எங்க?"

"ஓடிக்கினுதான் கீது."

சத்தத்தைச் சத்தத்தால்தான் வெல்ல முடியும் என்று அஸ்கர் அலி முடிவுசெய்தார். இன்னும் முப்பது பாக்ஸ் ஸ்பீக்கர் வேண்டும். பொன்னேரிக்குப் போன் போட்டார், திருவள்ளூருக்குப் போட்டார், ஊத்துக்கோட்டைக்குப் போட்டார். ஆடி மாதம். மாவட்டத்தில் இருந்த பாக்ஸ் எல்லாம் பெரியபாளையத்து அம்மன் திருவிழாவுக்குப் போயிருந்தன.

"அம்மன் கூட போட்டி போட முடியாது நைனா. குழா கீது. நாப்பது குழா. பளபளன்னு கீது."

குழாய் ஸ்பீக்கரில் கீச்சுக்குரல் நன்றாக வரும். 'டம் டம்' என்ற அடி வராது. டிஜே வாசிக்கும் இசையிலோ அடியைத் தவிர வேறொன்றும் கிடையாது. இதை ஜோஷ்வா சொன்னபோது அஸ்கர் அலி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஜெனரேட்டர தள்ளி வெச்சிடு," என்றார்.

டிராக்டர் வைத்து இழுத்து, முந்நூறு மீட்டர் தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். சத்தம் குறைந்தது. ஆனால் அவ்வளவு நீள வயரில் மேடைக்கு வரும்போது மின்சாரம் களைத்துவிட்டது. ஆம்ப்ளிபையர் கண்ணைத் திறந்து திறந்து மூடியது. வோல்டேஜை ஏற்ற வேண்டுமானால் என்ஜினை முறுக்க வேண்டும். முறுக்கினால் நிலையாக நிற்க வேண்டும். நிலையாக நிறுத்தும் பாகம் மூன்று வருடங்களுக்கு முன்பே போய்விட்டது. கம்பியால் கட்டிப் பார்த்தான், கம்பி அறுந்தது. லிவரை யாராவது கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நூல் ஏறினால் குழாய்கள் அலறும், ஒரு நூல் இறங்கினால் எல்லாம் அணையும். அஸ்கர் அலி பிடித்துப் பார்த்தார். என்ஜின் இருமிவிட்டு நின்றது. தணிகாசலம் பிடித்தார். கரும்புகை அவருடைய வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தது.

"இதோட மனசு உனக்குத்தான்டா தெரியுது," என்று லிவரை ஜோஷ்வாவிடம் கொடுத்துவிட்டார்.

எட்டாம் தேதி வேலைக்குக் கிளம்புமுன் ஜோஷ்வா காலண்டரில் எழுதினான்: 'நாளைக்கு வா. மேடைக்கு முன்னாடி நில்லு. நான் வர்றேன்.' இரவு வேலையில் அவன் மனம் ஃபியூஸ்களில் நிற்கவில்லை. காலையில் நேரே மைதானத்துக்குப் போகாமல், அந்தத் தாளைப் பார்ப்பதற்காகவே ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போனான். ஹெலன் குளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவளை அப்படிக் கேட்டே எத்தனை நாளாயிற்று. தாளில் அவன் எழுத்துக்குக் கீழே 'வர்றேன்' என்று இருந்தது. அதன் கீழே, அடித்து அழித்த ஒரு வரி. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதற்குள் அஸ்கர் அலியின் போன் வந்துவிட்டது.

பத்து மணிக்கே மைதானத்தில் நிற்க இடமில்லை. மின்விசிறி இல்லாத வீடுகளில் யாருக்கும் இருக்க முடியவில்லை என்பதும் ஒரு காரணம். ஸ்டீல் கம்பெனி, ஒயர் கம்பெனி, பொம்மைக் கம்பெனி என்று அந்தந்தச் சீருடையில் வந்திருந்தார்கள். வெளியூர்ப் பையன்கள் நல்ல சட்டைக்கு வேறு வழியில்லாமல் அதையே தேய்த்துப் போட்டிருந்தார்கள். டிஜே கே கறுப்புக் கண்ணாடியோடு காரில் வந்து இறங்கினார். சென்னை என்று சொல்லியிருந்தார்கள். மணியம்மாள் அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள்.

"நீ நம்ம திருவள்ளூர் மணவாள நகர் டைலர் மவன் கலியன்தானே?"

டிஜே கண்ணாடியைக் கழற்றினார். "ஆமா யக்கா. மெதுவா சொல்லு."

தணிகாசலம் வரவேற்புரையைத் தொடங்கினார். தலைக்கவசத்தின் அவசியம் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். கூட்டம் அமைதியாகக் கேட்டது. இருபத்தாறு வருடம் காத்திருந்த மனிதர் என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் ஏதோ புரிந்ததுபோல் கடைசியில் எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மைக்கைத் திருப்பிக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

பிறகு கலியன் தட்டைச் சுழற்றினார். நாற்பது குழாய்களும் கொசுக்கள்போல் கீச்சிட்டன. கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. அந்த நேரத்தில் ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து, தரை வழியாக, அது வந்தது. டுக்கு டுக்கு டுக்கு டுக்கு.

கலியன் தலையைச் சாய்த்துக் கேட்டார். மெதுவாகத் தன் பாட்டின் வேகத்தை அதோடு சேர்த்தார். காலால் தாளம் போட்டார். குழாயில் இல்லாத அடியை ஜெனரேட்டர் கொடுத்தது. முன்வரிசையில் ஒரு ஒயர் கம்பெனிப் பையன் தோளை அசைத்தான். ஐந்து நிமிடத்தில் சிப்காட் முழுக்க ஆடியது. மெஷின் சத்தத்திலேயே வருடக்கணக்காக நின்று பழகிய கால்கள். அவற்றுக்கு யாரும் தாளம் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. அஸ்கர் அலி பிரியாணி அண்டாவின் மூடியோடு ஆடினார்.

ஓடைக்கு அந்தப் பக்கம், ஜோஷ்வா குந்தி உட்கார்ந்து லிவரைப் பிடித்திருந்தான். அங்கிருந்து பார்க்க மைதானம் ஒரு கொதிக்கும் சட்டிபோல் தெரிந்தது. அதன் விளிம்பில், மேடைக்கு முன்னால், ஆடாமல் நிற்கும் ஒரு பச்சைப் புள்ளி. ஹெலனுடைய கல்யாணத்து மறுநாள் புடவை.

அவன் வலது கையைத் தூக்கி அசைத்தான். லிவர் இறங்கியது. மேடையில் பாட்டு படுத்தது. ஆயிரம் பேர் "ஓஓ" என்றார்கள். அவன் பாய்ந்து லிவரைப் பிடித்தான். பச்சைப் புள்ளி நான்கு பக்கமும் திரும்பிப் பார்த்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடி கையசைத்தான். மறுபடி "ஓஓ". மூன்றாவது முறை அஸ்கர் அலி ஓடைக்கரைக்கு ஓடி வந்தார்.

"இன்னா நைனா பேஜார் பண்றே? நல்லா ஆடிக்கினு இருக்கும்போது படுத்துக்குது."

"ஒரு ரெண்டு நிமிசம் யாராவது புடிங்க பாய். நான் அந்தாண்ட போய்ட்டு வந்துர்றேன்."

"நீ போனா பெஸ்டிவலே போச்சு. அஞ்சு மணி வரைக்கும் புடி. அதுக்கப்புறம் நீ எங்க வேணா போ."

ஜோஷ்வா மணி பார்த்தான். இரண்டே முக்கால். ஐந்து மணிக்குமேல் இருட்ட ஒன்றரை மணிநேரம் இருக்கும். பாட்டு இல்லாவிட்டால் என்ன. அவளோடு நடந்தே வீட்டுக்குப் போகலாம். அதுவும் ஒரு ஆட்டம்தான். அவன் லிவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

மூன்று மணிக்கு, மின்வாரிய ஊழியர்கள் அந்த வருடத்திலேயே முதல்முறையாக ஒரு வேலையைச் சொன்ன நேரத்துக்கு முன்பே முடித்தார்கள்.

முதலில் மைதானத்து ஓரத்துத் தெருவிளக்கு, பட்டப்பகலில், எரிந்தது. "கரண்ட்டு வந்துச்சு" என்று யாரோ கத்தினார்கள்; பழக்கதோஷத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த நிமிடம் ஒயர் கம்பெனியின் சங்கு ஊதியது. பிறகு பொம்மைக் கம்பெனி. பிறகு ஸ்டீல் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக. பாதி நாள் உற்பத்தியையாவது பிடித்துவிடலாம் என்று எல்லா மேனேஜர்களுக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்கிறது. கம்பெனி பஸ்கள் மைதானத்துக்கே வந்தன. சூப்பர்வைசர்கள் படியில் தொங்கியபடி பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

ஆடிய கால்கள் ஆடியபடியே பஸ்ஸில் ஏறின. கரண்ட் இல்லை என்று இரண்டு வாரமாகப் பயந்த பெஸ்டிவல், கரண்ட் வந்ததால் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. மைதானத்தில் அஸ்கர் அலியும் பாதி அண்டா பிரியாணியும் கலியனும் எஞ்சினார்கள். கலியன் மட்டும் இன்னும் சுழற்றிக்கொண்டிருந்தார்.

ஜோஷ்வா என்ஜினை அணைத்துவிட்டு ஓடையில் இறங்கி ஓடினான். மாத்திரைக் கம்பெனி பஸ் கிளம்பிவிட்டிருந்தது. ஜன்னலில் பச்சைப் புடவை. ஹெலன் தலையை வெளியே நீட்டி, கரிபூசிய அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு எப்போதும்போல் கையசைத்தாள். இந்த முறை அவனிடம் இரண்டு கைகளும் சும்மா இருந்தன. பஸ் திரும்பும் வரை அசைத்தான்.

"கெளம்புடா, நம்ம பஸ்ஸு அஞ்சு நிமிசத்துல வருது," என்றார் தணிகாசலம். அவர் கையில் இன்னும் மைக் இருந்தது.

பஸ் வரும்வரை டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தவனுக்கு மணியம்மாள் கேட்காமலேயே டீ கொண்டுவந்து வைத்தாள். ஜோஷ்வா குடிக்கவில்லை. எதிரே மரத்தில் பேனர் காற்றில் உப்பி அடங்கியது. அதிலிருந்த அவன் போட்டோ இப்போது குற்றத்தை ஒப்புக்கொண்டவன்போல் இருந்தது. இவ்வளவு அமைதியில் அந்தச் சாலையை அவன் பார்த்ததில்லை. அந்த அமைதிதான் அவனைப் பேசவைத்திருக்க வேண்டும்.

"டான்ஸும் வேணாம் ஒண்ணும் வேணாம்க்கா," என்றான். "எனக்கும் ஹெலனுக்கும் ஒரே நாள்ல லீவு. ஒரே ஒரு நாள். அதுக்குத்தான் இத்தினியும்."

மணியம்மாள் அவனையே பார்த்தாள். அடுப்பைத் தணித்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நீயா கண்டுபுடிக்கிற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு, ஆனா பார்க்க முடியல நைனா: அந்தப் பொண்ணு வெள்ளிக்கெழம கம்பெனி குடோன்ல வேல பாத்து, தன் லீவ செவ்வாக்கெழமைக்கு மாத்திக்கினு ரெண்டு மாசமா ஊட்ல உனக்காக குந்திக்கினு கீது, நீதான் செவ்வாக்கெழம ஆனா பெஸ்டிவலு பெஸ்டிவலுன்னு பூட்றே."